இன்னொரு விரல்

ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறிய அன்று ஜெசிந்தாவின் படங்கள், எண்கள், பழைய செய்திகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. கைரேகையை மட்டும் புதிதாக வைக்கச் சொன்னது போன். கட்டைவிரலை வைத்தாள். இன்னொரு விரலையும் சேர்க்கலாமா என்று திரை கேட்டது. பழைய போனில் அது கணவன் பிரான்சிஸின் விரல். கல்யாணமான புதிதில் ஒருவர் போனில் மற்றவர் விரலைப் பதிந்துகொண்டதை இருவரும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். மறைக்க அவளிடம் எதுவுமில்லை. ஆனாலும் அக்காவுக்கு எழுதுவதைக்கூட அவன் படித்தால் என்ன நினைப்பான் என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் அனுப்புவாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ், விரலை வேட்டியில் துடைத்துவிட்டு வழக்கம்போல நீட்டினான்.

"இதுல வேண்டாமேங்க" என்றாள்.

நீட்டிய விரல் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு அவன் தன் போனை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"அப்போ இதுல இருக்குற உன்னோடதையும் எடுத்துரு. எப்படிச் சொல்றதுன்னு ரொம்ப நாளா முழிச்சிட்டு இருந்தேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி முறையாகத் தன் விரலை வைத்து அவன் போனைத் திறந்தாள்.