வளை வாசலில் மாமனார்

ஆற்றங்கரை மண்சுவரில் பஞ்சுருட்டான் குருவிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு, வந்த நாளிலிருந்து கோபம் ஆறவேயில்லை. ஆறுமா? புருஷனும் அவளும் அலகு தேயத் தோண்டிய வளையின் வாசலில் மாமனார் தினமும் வந்து கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொள்வார். உள்ளே போக விடமாட்டார், மண்ணை வெளியே தள்ளவும் விடமாட்டார்.

"என்னடா தனிக்குடித்தனம்? அங்க உன் தம்பிங்க பசியில கத்துறாங்க. குடும்பம்னா ஒத்தாசை வேண்டாமா?"

அவ்வளவுதான். முட்டையிடப் பெண்டாட்டிக்குத் தெம்பு வேண்டுமென்று பிடித்து வந்த தட்டானைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பாவின் வளைக்கு ஓடுவான்.

"உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" என்று கேட்டால், "பெரியவரு, அவர்கிட்ட என்னத்தப் பேச?" என்பான்.

ஒருநாள் காலையில் அவள் நேரே போய் மாமனாரின் வளை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே குஞ்சுகள் கத்தின. தேனீயோடு வந்த மாமனார் பதறிப்போனார்.

"எந்திரிம்மா! பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க!"

"ஒத்தாசைக்கு வந்திருக்கேன் மாமா. உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்."

அதற்குள் புருஷன் பெரிய தட்டான் ஒன்றோடு வந்து இறங்கினான். அப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோயேன். தம்பிங்களுக்குக் கொடுத்துட்டு வந்துர்றேன்."

அவள் அவன் பக்கமாக நகர்ந்தாள். அவன் அலகிலிருந்த தட்டானைப் பிடுங்கி, இறக்கையோடு விழுங்கினாள்.

"இது என் முட்டைக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாசலில் போய் உட்கார்ந்தாள். "மாமா, அந்தத் தேனீயையும் இப்படிக் குடுங்க."