இரும்பு சேர்த்த பால்மா

"இந்தக் காலத்துப் பெட்டையளுக்குப் பிள்ளை வளர்க்கவும் கடைப் பேணி வேண்டிக் கிடக்கு," என்று புறுபுறுத்தார் வைத்திலிங்கம். படகு குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் புறப்பட்டிருந்தது. டொக்டர் சொல்லி மகள் வாங்கிய, சோயாப் பால்மா அடைத்த தகரப் பேணி அவர் கையில் இருந்தது.

"எனக்குப் பால் காணாது அப்பா. மாட்டுப் பால்மா பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. இதிலை புரதம், கல்சியம் எல்லாம் இருக்கு. சோயாவிலை உள்ள இரும்பு லேசிலை உடம்பிலை சேராதெண்டு, இரும்புச்சத்தும் கூடப் போட்டிருக்கினம்," என்றாள் பிரியவதனி.

"இரும்போ? பிள்ளை என்ன மண்வெட்டியோ? இதைக் கடலிலை எறியப்போறன்."

எதிரே ஒரு பெண்ணின் மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை துள்ளியது. கிழவரின் முகம் மலர்ந்தது.

"அங்கை பார், என்ன உதை உதைக்கிறான்! அதுதான் தாய்ப்பால்," என்று மகளிடம் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "உம்மைப்போலத் தாய்மாரை இப்ப எங்கை காணுறது மோனை!"

அவள் சிரித்தபடி தன் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே அதே பேணி.

"நான் பெறேல்லை ஐயா. பிறந்த கிழமையே தத்தெடுத்தனாங்கள். இவனுக்கும் மாட்டுப் பால்மா ஒத்துவரேல்லை. இதிலைதான் வளர்ந்தவன்."

வைத்திலிங்கம் பேணியைப் பார்த்தார். குழந்தையின் கால்களை ஆசையோடு பார்த்தார். பிறகு பேணியை மகளின் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"பெத்தவள் இவனைச் சுமக்கேக்கை நல்லா முருங்கையிலை திண்டிருப்பாள்," என்று சொல்லிக்கொண்டே படகின் மறுமுனைக்கு நடந்தார்.