என்ன மெசின் என்று கேட்டார்கள்

“யூ, என், ஏ, எம், ஈ, டேஷ், எம்.” கொழும்பு ஆபீஸ் ஐயா போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு, மற்றதைச் சிங்களத்தில் விளக்கினார்.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்தேன்.

இதை அடித்தால் கம்ப்யூட்டர், தான் எந்த வகை என்று தானே சொல்லுமாம். அதற்கேற்ற டிஸ்க்கை அவர் இன்றைய ரயிலில் அனுப்புவார். நான் வகையை மாற்றிச் சொன்னால் மெசின் ஓடாது, பழி என் தலையில்தான் விழும்.

ஹட்டனில் இந்தத் தோட்ட ஆபீசில் சேர்ந்து மூன்று மாதம். கண்டியில் கம்ப்யூட்டர் படித்தேன் என்று துரையிடம் புளுகித்தான் சேர்ந்தேன். உண்மையில் மாதா கோயிலில் டைப்ரைட்டிங் பழகியதோடு சரி. தெரிந்தால் அன்றைக்கே வெளியே போகவேண்டியதுதான். கொட்டகலை லயத்து வீட்டுக்குப் போய் அம்மாவோடு தேயிலைக் கொழுந்துக்கூடை தூக்க வேண்டும்.

திரையில், அப்படி ஒன்று இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தது.

போச்சு, எல்லாம் போச்சு!

“மாதாவே!” என்று வாய்விட்டு அலறிவிட்டேன்.

மறுமுனையில் அதே குரல், மெல்ல, எங்கள் தோட்டத்துத் தமிழில் பேசியது.

“பதறாதம்மா. அந்த டேஷ் கோட்டுக்கு முன்னால ஒரு எடம் விட்டு அடி. நானும் பூண்டுலோயா லயத்து ஆளுதான். எண்பத்து மூணு கலவரத்துல தப்பிச்சு, ஆறு வருசமா இங்க சிங்களப் பேர்லதான் இருக்கேன். யாருகிட்டயும் சொல்லிறாத, என்னைய உசுரோட விடமாட்டாங்க.”

இடம் விட்டு அடித்தேன். ஐ, எட்டு, சைபர், மூன்று, எட்டு, ஆறு என்று வந்தது. அப்படியே வாசித்தேன். “சரிங்கண்ணே” என்று போனை வைத்தேன்.

திரும்பினால், பெரிய கிளாக்கர் இராமையா நிற்கிறார். அவர் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் கடைவீதிக்கே தெரிந்துவிடும். கொழும்புக்கும் அவர் வாரம் நாலு தடவை போன் பேசுகிறவர்.

“அண்ணேங்கிற? கொழும்பு ஆபீஸ்ல நம்ம ஆளு யாரு புள்ள?”

அந்த மனிதரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“அவரு சிங்கள ஐயாங்க. பயத்துல நானா ஒளறிட்டேன். எனக்கு இந்த மெசினே தெரியாதுங்க. கண்டியில படிச்சேன்னது பொய்.”

இராமையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துரையின் அறைக்குள் போனார்.