எந்த டெம்பா?

"வெக்கம் மானம் இருக்கா அந்த மோமருக்கு?"

ஜன்னல் வழியே எதிர் வீட்டைப் பார்த்தபடி அஸ்து பொரிந்து தள்ளினாள். அவள் புருஷன் டெம்பா காதில் விழாதவர் போலப் பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டில் மோமரின் பிள்ளைக்கு இன்று எட்டாம் நாள். பேர் சூட்டுகிற நாள். செனகல் கரையோரத்து அந்த மீனவர் குப்பமே அவன் வாசலில் கூடிவிட்டது. கம்பங்கஞ்சியில் தயிர் ஊற்றிக் கலக்குகிற வாசனை சந்து முழுக்க வீசியது.

"பிள்ளை பேரு டெம்பான்னு மட்டும் கசிய விட்டான். எந்த டெம்பாவோட பேருன்னு வாயைத் திறக்கல, கல்லுளிமங்கன்! இப்பப் பாருங்க. மல்யுத்தக்காரர் டெம்பா கிடா அனுப்பியிருக்கார். மந்திரி டெம்பா பத்து மூட்டை அரிசி. ரேடியோவுல பாடுற டெம்பா மேளக்காரங்களையே அனுப்பி வெச்சுட்டார். மூணு பேரும் பிள்ளைக்குத் தன் பேர்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"நாட்டுல பெரிய மனுஷனுக்கெல்லாம் என் பேரு. அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?"

"சிரிக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது. அவனைக் கடல்லேர்ந்து இழுத்துட்டு வந்தது யாரு, மந்திரியா? ஒரு வாய்க் கஞ்சிக்குக்கூட உங்களைக் கூப்பிடல!"

"விடு அஸ்து. வண்டி வந்துடும்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் அவர் படகு கவிழ்ந்தது. 'அலை சரியில்ல, இன்னைக்கு வேண்டாம்' என்று நாலு பேர் சொல்லியும் கேட்காமல் கிளப்பியவர் அவர்தான். மோமர் ஒரு பக்கம் தத்தளித்தான். மோமரின் அக்கா புருஷன் அலசான் இன்னொரு பக்கம். கைக்கு எட்டியது மோமர். அவனைக் கவிழ்ந்த படகின் மேல் ஏற்றிவிட்டுத் திரும்பினால், அலசானைக் காணோம்.

அன்றிலிருந்து அலசானின் மனைவி சொக்னா இவருக்கு சலாம் சொன்னதில்லை. எதிரே வந்தவரிடம் மாடு கன்று வரைக்கும் நலம் விசாரிக்காமல் நகராத ஊர் அது. அந்த ஊரில் ஒன்பது வருஷம். இவரும் அவள் வருகிற சந்தில் நடப்பதை விட்டுவிட்டார். போதும்டா சாமி என்று இன்றைக்கு மகன் இருக்கும் ஊருக்கே குடி போகிறார். எல்லாரும் எதிர் வீட்டில் இருப்பார்கள், யார் கண்ணிலும் படாமல் கிளம்பிவிடலாம் என்று இந்த நாளைப் பார்த்து வைத்ததும் அவர்தான்.

வெளியே மேளம் சட்டென்று நின்றது.

"என்னங்க, கிடாவை வெளியே இழுத்துட்டுப் போறாங்க! அரிசி மூட்டையெல்லாம் வண்டியில ஏறுது!" அஸ்து பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே போக எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "போச்சு! சொக்னா இங்கே வர்றா."

டெம்பா பையை இழுத்து மூடினார். நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை போடவா வருகிறாள்? போடட்டும். ஒன்பது வருஷமாக அவர் எதிர்பார்த்த சண்டைதானே.

சொக்னா வாசற்படியில் நின்றாள். புது அங்கி, தலையில் பெரிய துணிக்கட்டு. பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சலாம் அலைக்கும், அண்ணே."

"அ... அலைக்கும் சலாம், தாயி."

"எங்கே கிளம்பிட்டீங்க? இமாம் வந்து உக்காந்திருக்கார். பேர்க்காரர் இல்லாம பிள்ளை காதுல எப்படிப் பேர் சொல்றதாம்?"

"பேர்க்காரரா, இவரா?" அஸ்து முந்திக்கொண்டாள். "அப்போ அந்தக் கிடா, அரிசி, மேளமெல்லாம்?"

"அனுப்பினவங்களுக்கே திருப்பியாச்சு, அண்ணி. எந்த டெம்பான்னு ஒருத்தராவது கேட்டாங்களா? தான்தான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அங்கே அடுப்புல நாங்க வாங்கின கிடாதான் வேகப்போகுது."

டெம்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம் தாயி. பேர்க்காரன் குணம்தான் பிள்ளைக்கு வரும்பாங்க. அந்தப் பச்சை மண்ணுக்கு என் குணம் எதுக்கு? மோமர் நன்றி மறக்கல, அது போதும் எனக்கு. ஆனா தினமும் இந்தப் பேரைக் கேட்டா உன் மனசு என்ன பாடுபடும்? நீயே அவன்கிட்ட சொல்லு, வேற பேரு வைக்கட்டும்."

"மோமரா? நல்லா சொன்னீங்க! அவன் மந்திரி பேரைத்தான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான்."

அஸ்து எதிர் வீட்டை ஒரு முறை முறைத்தாள்.

சொக்னா குனிந்து அவர் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"கோவம் இருந்துச்சு அண்ணே, இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். போன வாரம் பிள்ளையைக் கையில வாங்குற வரைக்கும் இருந்துச்சு. அன்னைக்கு நீங்க என் தம்பியையும் விட்டிருந்தா, இந்தப் பிள்ளை ஏது?"

ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். தெருவில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. "யாரும் எங்கேயும் போகலப்பா, நீ கிளம்பு!" என்று அஸ்து ஜன்னலிலிருந்தே விரட்டினாள்.

"அழுதது போதும். முகத்தைக் கழுவிட்டு வாங்க அண்ணே" என்றாள் சொக்னா. "அத்தைன்னு நான் ஒருத்தி இருக்கும்போது தம்பி என்ன பேரு வைக்கிறது? இது நான் வெச்ச பேரு."