பட்டம்மாளின் முறை

“வெளிய சொன்னது யாரு? இப்பவே தெரிஞ்சாவணும்,” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கயிற்றுக்கடையின் பலகைக் கதவுகள் பாதி சாத்தியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வெயில் இடுக்கு வழியாக வந்து கயிற்றுச் சுருள்கள் மேல் கிடந்தது.

கேள்வி எல்லோரிடமும்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் சௌக்கத் அலி. அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவரும் அவர், நடத்துகிறவரும் அவர்.

ராயபுரத்தில் சின்னதாகத் தொழில் செய்து பிழைக்கிற நாலு பேர். படகுகளுக்கு நங்கூரமும் ஆணியும் அடிக்கிற ஸ்டானிஸ்லாஸ், சாக்கு தைத்து விற்கிற கோதண்டம், மில் வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கும் பட்டம்மாள், அப்புறம் சௌக்கத் அலி. “தனித்தனியா முட்டிக்கினு சாவறதுக்கு, ஒண்ணா குந்திகினு யோசிக்கலாம் வாங்க” என்று அவர்தான் ஒவ்வொருவராகத் தேடிப் போய் அழைத்தார்.

வாரத்துக்கு ஒருவர் தன் தொழில் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மூளையைக் கசக்கி வழி தேட வேண்டும். நாட்டில் முதல் தேர்தல் முடிந்திருந்த சமயம். தெருவில் இதைக் கயிற்றுக்கடை பார்லிமெண்ட் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்தப் பார்லிமெண்டால்தான் கோதண்டத்துக்குத் துறைமுகத்துச் சாக்கு வேலை கிடைத்தது. மழைக்காலமெல்லாம் மூடிக் கிடந்த இட்லிக்கடைக்குத் தகரக் கூரை ஏறியது.

ஒரே ஒரு சட்டம். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது. போனால், கொண்டுபோனவர் மறுபடி இந்தப் படி ஏறக்கூடாது. சட்டம் போட்டதும் சௌக்கத் அலிதான்.

போன கூட்டத்தில் ஸ்டானிஸ்லாஸ் ரொம்ப நாள் ஆசை ஒன்றைச் சொல்லியிருந்தார். கல்மண்டபம் பக்கம், படகுக்காரர்கள் கரைக்குப் போகிற வழியில் ஒரு கொட்டகை காலியாகிறது. இன்னும் யாருக்கும் தெரியாது. அதைப் பிடித்துவிட்டால் உலையை அங்கே மாற்றிவிடலாம். சந்துக்குள் கிடந்து காய வேண்டாம்.

வாரம் முடிவதற்குள் அந்தக் கொட்டகையில் தண்டையார்பேட்டை இரும்புக்கடைக்காரர் ஒருவரின் பூட்டு தொங்கியது. இன்று வந்ததும் வராததுமாக ஸ்டானிஸ்லாஸ் அதைத்தான் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார்.

“எம் புள்ள மேல ஆணையா நான் இல்ல,” என்றார் கோதண்டம்.

சௌக்கத் அலி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, பக்கத்துச் சுருளின் கயிற்று நுனியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அந்த வார நடுவில் வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண விருந்து. பெரிய பிரியாணித் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் ஒருவர், உங்கள் கூட்டத்தில் அப்படி என்னதான் பெரிதாகப் பேசிக் கிழிக்கிறீர்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சௌக்கத் அலியால் பொறுக்க முடியவில்லை. தன் ஆட்கள் எவ்வளவு தூரம் யோசிக்கிறார்கள் என்று காட்டத்தான் கொட்டகைக் கதையை எடுத்தார். சொல்லச் சொல்ல நெஞ்சு நிமிர்ந்தது. எதிரே இருந்த அந்தத் தண்டையார்பேட்டை இரும்புக்கடைக்காரர் எலும்பைக் கடித்துக்கொண்டே, கொட்டகை எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்தார்.

அதையும் சொன்னார்.

இப்போது ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் தான் படியிறங்கிவிட்டால் கூட்டம் என்ன ஆகும் என்று ஒரு நொண்டிச் சமாதானம் உள்ளே முளைத்தது. அது நொண்டிச் சமாதானம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

தலையைத் தூக்கியபோது, பட்டம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பட்டம்மாளின் முறை. மில்லுக்குள்ளேயே கேண்டீன் கட்டுகிறார்கள். அது திறந்துவிட்டால் வாசலில் இட்லி வாங்க ஆளிருக்காது. என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் அந்த அம்மாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் நைனா,” என்றார் பட்டம்மாள். “கடையாண்ட யார்கிட்டயோ வாய் தவறி உளறிட்டேன்.”

ஸ்டானிஸ்லாஸ் பட்டம்மாளைப் பார்த்தார். பிறகு சௌக்கத் அலியைப் பார்த்தார். கோதண்டம் குனிந்து நகத்தை நோண்டிக்கொண்டிருந்தார். முடிவைத் தலைவர் சொல்லட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா,” என்றார் சௌக்கத் அலி.

அது தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பதை அவராலேயே நம்ப முடியவில்லை.

பட்டம்மாள் முந்தானையை உதறி எழுந்தார். கதவருகே போய்த் திரும்பினார்.

“கூட்டத்த மட்டும் வுட்டுடாதீங்க பாய்.”

வெளியே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. பலகை இடுக்கில் பட்டம்மாள் தெருவைக் கடப்பது தெரிந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டுவிடலாம். இன்னும் தூரம் போகவில்லை. சௌக்கத் அலி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

“ஆரம்பிங்க பாய்,” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. காய்ச்சலில் கிடப்பவனிடம் பேசுகிற மாதிரி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டம்மாள் கூட்டத்துக்கு வரவில்லை. மகளுக்கு வலி கண்டு, அன்றைக்கு முழுக்கப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தார். கொட்டகையைப் பற்றி ஸ்டானிஸ்லாஸ் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தது இரண்டே பேர்தான்.

அது அங்கே மிச்சமிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

சௌக்கத் அலி தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தை ஆரம்பித்தார்.