கம்பளத்தில் ஊதாக் கறை

காலியான மாடி வீட்டின் கம்பளத்தில் மதிய வெயில் விழுந்திருக்கிறது. நடுவே உள்ளங்கை அளவு ஊதா நகப்பூச்சுக் கறை. போன மாதம் காலி செய்துபோன ஜோலீனும் அவள் கணவன் டிராவிஸும், இன்னும் தங்கள் வீடு என்பதுபோல, பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நிற்கிறார்கள். வீட்டுக்காரரான என் அப்பா கேரியின் கையில், அவர்கள் குடிவந்த அன்று வீட்டில் எது எப்படி இருக்கிறது என்று நிரப்பிய தாள். "கம்பளம் நல்லா இருக்குன்னு நீதானேம்மா டிக் அடிச்சிருக்கே? அட்வான்ஸ்ல நானூறு டாலர் பிடிக்காம என்ன செய்ய?" ஜோலீன் கைப்பையின் வாரைத் திருகுகிறாள். "நீங்க போட்டிருந்த கட்டிலுக்கு அடியில அப்பவே இருந்துச்சு, கேரி. குறை சொன்னா வீடு தரமாட்டீங்களோன்னு எல்லாத்துக்கும் டிக் அடிச்சிட்டேன்." டிராவிஸ் சிரிக்காமல் சொல்கிறான்: "நாங்க நாய் வளர்த்தோம்தான்; ஆனா அது நகப்பூச்சு போடறதில்லைங்க. அந்தப் பணம் வந்தாத்தான் எங்களுக்குப் புது வீட்டுச் சாவி." என் காது சுடுகிறது. அது என் நகப்பூச்சு; இந்த மாடி என் அறையாக இருந்தபோது கொட்டியது. கட்டிலை இழுத்து மறைத்தவள் நான். "நான்தான்ப்பா கொட்டினேன்," என்கிறேன், சுவரைப் பார்த்து. அப்பா தாளின் ஓரத்தில் எழுதியிருந்த நானூறை மெல்லக் கோடு போட்டு அடிக்கிறார். "இத்தனை வருஷம் இதைச் சொல்ல உனக்கு வாய் வரலையா?" ஜோலீன் என் பக்கம் வந்து நிற்கிறாள். "அவளைத் திட்டாதீங்க. நானும் பயந்துதானே சொல்லாம விட்டேன்."