ஒரு ஆளுக்கு ஒரு அப்பா

"செத்தவர் உங்களுக்கு என்ன முறை?"

மனேச்சர் கஜானன் கேட்ட கேள்வியில் கேதீஸ்வரி திகைத்துப் போனாள்.

"முறை எண்டு ஒண்டும் இல்லை சேர். எங்கடை ஒழுங்கையிலை கடைசி வீடு."

"ஒழுங்கை என்ன சொந்தமோ? லீவு இல்லை. போய் வேலையைப் பாருங்கோ."

நீர்வேலியில் வாழைக்குலைகளை வாங்கி, சீப்புச் சீப்பாக வெட்டிக் கழுவி, பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற நிலையம் அது. கஜானன் முகாமையாளர்களுக்கான பிரச்சினை தீர்க்கும் பயிற்சி என்று ஒன்றை எடுத்துவிட்டு வந்தாலும் வந்தார், அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பிடித்தது சனி.

வந்த கையோடு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து வகுப்பெடுத்தார்.

"லொறி ஏன் பிந்துது? ஆக்கள் காணாது. ஆக்கள் ஏன் காணாது? செத்தவீடு. ஒருத்தர் செத்தால் ஊர் முழுக்க ஏன் போகோணும்? பாத்தீங்களோ, இதுதான் பகுப்பாய்வு. இனிப் படைப்பாற்றல்!"

படைப்பாற்றல் போனுக்குள் இருந்தது. செத்தவீட்டுக்கு லீவு வேண்டுமென்றால் போனில் உறவைத் தட்ட வேண்டும். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை. அவ்வளவுதான். தட்டினால் லீவு தானாகவே கிடைக்கும்.

"ஒரு உறவை ஒருக்கால்தான் தட்டலாம். ஒரு ஆளுக்கு ஒரு அப்பாதானே? அவர் ஒருக்கால்தானே சாவார்? கொம்பியூட்டர் மறக்காது, கண்டியளோ."

குலை தூக்குகிற சுபாங்கனுக்கு வாய் சும்மா இருக்காது.

"மாமி செத்தால், சேர்?"

"மாமி இதிலை இல்லை."

"மாமியின்ரை செத்தவீட்டுக்குப் போகாட்டில் மனிசி என்னைச் சாகடிச்சுப்போடுவாள் சேர்."

"அப்பிடி நடந்தால் அவவுக்கு லீவு உண்டு. அவவும் இஞ்சைதானே வேலை?"

எல்லோரும் சிரித்தார்கள். கஜானன் சிரிக்கவில்லை.

"சட்டத்தை உடைக்கக் கூடாது. சட்டத்துக்குள்ளை நிண்டு வழி கண்டுபிடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். விளங்குதோ?"

"ஓம் சேர்."

லொறி நேரத்துக்குப் போகத் தொடங்கியது. கஜானனுக்குக் கொழும்பில் நல்ல பேர். நீர்வேலியில் வேறு பேர்.

"உவற்றை வீட்டிலையும் ஒண்டு நடக்கும்தானே," என்றாள் சீப்புக் கழுவுகிற சிவக்கொழுந்து. "அண்டைக்கு ஆர் எட்டிப் பாக்கினம் எண்டு நானும் பாக்கிறன்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மாதமே கொக்குவிலில் கஜானனின் தகப்பன் கனகலிங்கம் கண்ணை மூடிவிட்டார்.

அந்த நேரத்திலும் கஜானன் உதவி மனேச்சர் தயாளினிக்குப் போன் எடுத்துச் சொன்னது இதுதான்: "அப்பா போட்டார். நாளைக்கு லொறி பிந்தக் கூடாது."

மறுநாள் பந்தலுக்குள் வாடகைக் கதிரைகள் சும்மா கிடந்தன. சொந்தம் முழுக்கக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து லைவில் அழுதுகொண்டிருந்தது. லைவில் அழுகிறவர்கள் தோள் கொடுக்க முடியுமா? பெட்டி தூக்க நாலு பேராவது வேண்டும். பக்கத்து வீடுகளில் இருந்து வந்த கிழவர்கள் இருவரும் பொல்லூன்றி நடக்கிறவர்கள்.

"தம்பி, தூக்க ஆக்கள் வருவினம்தானே?" குருக்கள் மெல்லக் கேட்டார்.

கஜானன் ஒழுங்கையை எட்டி எட்டிப் பார்த்தார். தான் கடைசியாக யாருடைய செத்தவீட்டுக்குப் போனோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லையே என்று நினைக்க, வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் அந்த லொறி ஒழுங்கைக்குள் திரும்பியது. நிலையத்தின் வாழைக்குலை லொறி! அதற்குள் மருந்துக்கும் ஒரு வாழைக்காய் இல்லை. முழுக்க ஆட்கள்.

சுபாங்கன் முதல் ஆளாகக் குதித்து வேட்டியை மடித்துக் கட்டினான். கேதீஸ்வரி தேத்தண்ணிக் கேத்திலோடு இறங்கினாள். சிவக்கொழுந்து கஜானனின் அம்மாவை அதற்கு முன் கண்டதே இல்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, "ஐயோ அக்கா, உங்களைத் தனிய விட்டிட்டுப் போட்டாரே!" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

கஜானன் அம்மாவின் பக்கம் நடந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தயாளினி.

"சேர், இஞ்சை ஒரு ஈ காக்கா இல்லை! லொறியும் இல்லை! எல்லாரும் லீவு!"

"அதெப்பிடி? கொம்பியூட்டர் விடாதே!"

"விட்டிட்டுது சேர். இண்டைக்கு எல்லாருக்கும் அப்பா செத்திட்டாராம்."

கஜானன் சுபாங்கனைத் திரும்பிப் பார்த்தார்.

"சுபாங்கன்... உங்கடை அப்பா?"

"நீங்கள் படிப்பிச்சபடிதான் சேர். சட்டத்தை உடைக்கேல்லை." சுபாங்கன் தலையைச் சொறிந்தான். "அப்பாவும் லொறியிலை வந்தவர். உங்கை இருக்கிறார்."

முன்வரிசைக் கதிரையில் இருந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த தகப்பன் சீவரத்தினம் மெதுவாக எழும்பி வந்து கஜானனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் செத்தால் இனி மோனுக்கு லீவு இல்லையாம் தம்பி. அது பரவாயில்லை. அண்டைக்கு நீர் வந்து தூக்கும்."